கோடை இடிமழையும் திடீர் வெள்ளமும்

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், குடியானவர்களுடைய கவனம் முழுவதும் கிணற்று ஜலத்தின்மீதும், சொர்ணவாரிப் பயிரின்மீதும், களத்தில் காயும் நவரை நெல்லின்மீதும் செல்வது இயல்பு. வெள்ளத்தைப்பற்றி ஐப்பசி கார்த்திகையில் நினைத்துக்கொள்ளலாம் என்று அநேகர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் கோடையில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தார் தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்கென வெளியிடும் அறிவிப்புகளில், வெப்பம் இயல்பைவிட உயரக்கூடும் என்னும் செய்தியும், ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும் என்னும் செய்தியும் அடுத்தடுத்து வருவதைக் காணலாம். சில நாட்களில் தாழ்ந்த இடங்களில் ஜலம் திடீரென்று பெருகலாம் என்ற எச்சரிக்கையும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. ஒரே நாளில் வெயிலும் வெள்ளமும் எவ்வாறு வரும் என்று நகைத்து, அறிவிப்பையே ஒதுக்கிவிடுவோர் உண்டு.

இம்மூன்றும் ஒரே சங்கிலியின் மூன்று கண்ணிகள் என்பதையும், அறிவிப்பில் கண்ட மழையளவைத் தங்கள் ஊர் வாய்க்காலின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி அவ்வறிவிப்பினால் முழுப் பயன் கிட்டாது என்பதையும், மூலக்குளம், வில்லியனூர் சுற்றுப்புறங்களை உதாரணமாகக் கொண்டு இங்கே விளக்குவோம்.

வெப்பமே இடிமழைக்கு விறகு

காலைமுதல் சூரியனால் காய்ந்த தரை, தன்மீதுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்று இலேசாகி மேலெழும்புகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயருந்தோறும், அது தாங்கக்கூடிய நீராவியும் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு அதிகமாகின்றது. ஆகவே, கடும் வெயிலடிக்கும் நாளில் கடலிலிருந்து ஈரமும் கிடைத்துவிட்டால், வானத்தில் பெருந்தொகையான ஜலம் ஆவியாகச் சேர்ந்து நிற்கிறது. மேலேறும் காற்று குளிரும்போது அந்த ஆவி நீர்த்துளியாக மாறுகிறது. அப்போது வெளிப்படும் உஷ்ணம் மேகத்தை இன்னும் உயரத்துக்குத் தள்ளுகிறது. இவ்வாறு ஒரு மணி நேரத்துக்குள் 12 கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேற்பட்ட உயரத்துக்கு எழும்பி, உச்சி பட்டடைக் கல்லைப்போல் பரந்து நிற்கும் மேகமே இடிமேகம் ஆகும்.

புதுச்சேரிக் கரையோரத்தில் இதற்கு ஒரு தனிப்பட்ட முறை உண்டு. சாதாரணமாக நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்து வெப்பத்தைத் தணிக்கிறது. மேல்காற்று வலுத்து வீசும் நாட்களில் கடற்காற்று தாமதிக்கிறது, வெப்பமும் மிகுதியாகிறது. பிற்பகலில் ஈரமான கடற்காற்றும் வறண்ட மேல்காற்றும் எதிர்ப்படும் இடத்தில் காற்று மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. வடமேற்கே செஞ்சி மலைப் பக்கத்திலும், மேற்கே விழுப்புரம் பக்கத்திலும் திரளும் மேகங்களை மேல்காற்று கிழக்கே ஓட்டிவந்து, மாலையிலோ முன்னிரவிலோ கடற்கரையருகே கொட்டச் செய்கிறது. பகலெல்லாம் புழுங்கி, மாலையில் மேற்கே மின்னல் கண்டால் இரவில் மழை உண்டு என்று முதியோர் கூறிவந்ததன் காரணம் இதுவே.

அறிவிப்பின் சொற்களுக்குப் பொருள்

வானிலை அறிவிப்பில் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த அளவு உண்டு. அவ்வளவுகளை அறியாமல் வாசிப்பது, படியின் அளவு தெரியாமல் நெல் வாங்குவதை ஒக்கும்.

வெப்ப அலை: கரையோரப் பிரதேசங்களில் பகல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸை எட்டி, அது அந்நாளைய இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை எனப்படும். உள்நாட்டுச் சமவெளிகளுக்கு இவ்வெல்லை 40 டிகிரி ஆகும். கரையோரக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் உலராது. அதனால் குறைந்த வெப்பமும் உடலைத் தாக்கும்.

இடங்களின் பரவல்: 'ஓரிரு இடங்களில்' என்றால், அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகும் என்று பொருள். அதற்கு அடுத்த படியில் 50 வரையிலும், அதற்கும் அடுத்ததில் 75 வரையிலும், கடைசிப் படியில் அதற்கு மேலும் நிலையங்கள் மழை பெறும்.

மழையின் அளவு: காலை 8-30 மணிமுதல் மறுநாள் காலை 8-30 மணிவரை பெய்த மழையே ஒரு நாள் மழையாகக் கணக்கிடப்படுகிறது. அது 64.5 மில்லிமீட்டர்முதல் 115.5 மில்லிமீட்டர்வரை இருந்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதிகனமழை.

நிறங்கள்: பச்சைக்கு எச்சரிக்கை இல்லை என்று பொருள். மஞ்சள், விழிப்பாயிருந்து மேலும் வரும் செய்திகளைக் கவனிக்கச் சொல்கிறது. ஆரஞ்சு, ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. சிவப்பு, உடனே செயலில் இறங்கச் சொல்கிறது.

இவற்றுள் 'ஓரிரு இடங்களில்' என்னும் சொல்லே அதிகமான தவறான எண்ணத்துக்கு இடம் தருகிறது. கோடை இடிமழை சில கிலோமீட்டர் அகலமே உள்ள மேகத்திலிருந்து பெய்வது. வில்லியனூரில் வாய்க்கால் நிறைந்து ஓடுகையில் அரியாங்குப்பத்தில் புழுதி பறப்பது நடவாத காரியமல்ல. நாலு முறை அறிவிப்பு வந்தும் தம் கழனியில் மழை காணாதவர், ஐந்தாம் முறை நெல்லைக் களத்திலேயே விட்டுவிடுகிறார். நஷ்டம் வருவது அந்த ஐந்தாம் முறையிலேதான்.

கடந்த நாட்களின் தெளிந்த வானம் வருநாளுக்கு ஜாமீன் ஆகாது என்பதற்குப் புதுச்சேரியிலேயே பெயர்பெற்ற சான்று ஒன்று உண்டு. லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானசாஸ்திரி, சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக்கிரகம் கடந்து செல்லும் அரிய காட்சியை 1761-ஆம் வருஷத்தில் கடற்பிரயாணத்தில் இருந்தமையால் சரிவர அளக்க முடியாமற் போகவே, 1769-ஆம் வருஷத்துக் காட்சிக்காகப் புதுச்சேரியில் வந்து தங்கி ஆயத்தம் செய்தார். மே மாதம் முழுவதும் காலை வானம் தெளிந்திருந்தது. ஜூன் 4-ந் தேதி காலையில், வேண்டிய நேரத்தில் மேகம் சூரியனை மூடிக்கொண்டது. காட்சி முடிந்தபின் வெயில் அடித்தது. அவ்வளவு தேர்ந்த அறிஞரையே ஏமாற்றிய கோடை வானம், களத்து நெல்லுக்கு மாத்திரம் தயவு காட்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நாள் மழையும் மணி மழையும்

திடீர் வெள்ளத்தை அறிவதற்கு, மொத்தம் எவ்வளவு மழை பெய்தது என்பதைக் காட்டிலும், எவ்வளவு நேரத்தில் பெய்தது என்பதே முக்கியமாகும். இதை ஒரு கணக்கினால் காண்போம்.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 லிட்டர் ஜலமாகும். 100 ஹெக்டேர் பரப்பிலிருந்து ஜலத்தைக் கொண்டுசெல்லும் வடிகால் ஒன்று உள்ளதாக வைத்துக்கொள்வோம். அங்கே 60 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பாதியைத் தரை குடித்து, பாதி ஓடிவருவதாகக் கொண்டால், ஓடிவருவது 30,000 கன மீட்டர். இது 24 மணி நேரத்தில் பரவலாக வந்தால், வடிகாலில் வினாடிக்கு ஏறக்குறைய 12 கன அடியே ஓடும். அதே ஜலம் ஒரு மணி நேரத்தில் வந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 294 கன அடி ஓடியாக வேண்டும். 2 மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள வாய்க்கால், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால், 70 கன அடியையே கொண்டுசெல்ல வல்லது. மீதி ஜலம் கரைமேல் ஏறிக் கழனியிலும் தெருவிலும் பாயும். அவ்வாய்க்காலில் பாதி ஆழம் மண் மேடிட்டு, ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டிருந்தால், அதன் சக்தி பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

அறிவிப்பில் 60 மில்லிமீட்டர் என்பது கனமழை என்ற பெயரைக்கூடப் பெறாத அளவு என்பதை நோக்குக. நாள் மழையில் அற்பமாகத் தோன்றுவது, மணி மழையில் வெள்ளமாகிவிடும்.

தரை பாதி மழையைக் குடிக்கும் என்று கணக்கில் கொண்டோம். கோடையில் இதுவும் நிச்சயமல்ல. உழாமல் கிடந்து இறுகிய செம்மண் தரையின்மீது பெருந்துளிகள் விழும்போது, மேல்மண் நொறுங்கி மண்ணின் துவாரங்களை அடைத்துவிடுகிறது. ஜலம் உள்ளே இறங்காமல் மேலே ஓடுகிறது. வெடிப்புவிட்ட களிமண் முதல் மழையை நன்றாகக் குடிக்கும். வெடிப்பு மூடிக்கொண்டபின் மறுநாள் பெய்யும் மழையை ஏற்காது. சிமிட்டித் தரையும் தார்ச்சாலையும் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஓடவிடும்.

மூலக்குளம் சுற்றுப்புறத்தின் நிலை

மூலக்குளம், புதுச்சேரியிலிருந்து இந்திரா காந்தி சதுக்கம், ரெட்டியார்பாளையம் வழியாக வில்லியனூருக்குச் செல்லும் விழுப்புரம் சாலையில் உள்ளது. ஊரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. வடகிழக்கே கோரிமேட்டுச் செம்மண் மேடும், வடமேற்கே ஊசுட்டேரியும், மேற்கே வில்லியனூரை ஒட்டி ஓடும் சங்கராபரணி ஆறும் இப்பகுதியைச் சூழ்ந்துள்ளன. முன்னாளில் சாகுபடி நிலங்களாக இருந்தவற்றில் பெரும்பகுதி இப்போது உழவர்கரை நகராட்சிக்குட்பட்ட மனைகளாகவும் தெருக்களாகவும் மாறிவிட்டது. முன்பு கழனி வரப்புகளுக்குள் தேங்கி மெதுவாக இறங்கிய மழைஜலம், இப்போது தெருக்களின் வழியே விரைந்தோடித் தாழ்ந்த இடங்களைச் சேர்கிறது. இந்திரா காந்தி சதுக்கம் பெருமழைதோறும் ஜலத்தில் மூழ்குவதை யாவரும் அறிவர். நகரத்துக்கு மேற்கே இன்னும் சாகுபடி செய்வோர், தங்கள் நிலத்தில் பெய்யும் மழையோடு மேட்டிலுள்ள குடியிருப்புகளின் ஜலத்தையும் எதிர்பார்க்க வேண்டியவர்களாயிருக்கிறார்கள்.

புதுச்சேரிப் பிரதேசத்தில் 84 ஏரிகள் உள்ளன. அவற்றுள் பெரியதான ஊசுட்டேரி சங்கராபரணியிலிருந்து வாய்க்கால் மூலமும், பாகூர் ஏரி தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் மூலமும் ஜலம் பெறுகின்றன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், ஏரிப் பாசனக்காரர்கள் பொதுப் பணச்சங்கங்களை வைத்துக்கொண்டு மதகு, கலிங்கு, வாய்க்கால் ஆகியவற்றைப் பராமரித்துவந்தார்கள். ஏரிகளும் அவற்றைச் சேர்ந்த வரத்து வாய்க்கால்களும் பாசனத்துக்கு மாத்திரம் ஏற்பட்டவை என்று எண்ணுதல் தவறு. பெய்த ஜலத்தைச் சற்று நேரம் பிடித்துவைத்து, ஒரு மணியில் வரவேண்டிய வெள்ளத்தைப் பல மணி நேரத்துக்குப் பரப்பிவிடுவதும் அவற்றின் தொழிலாகும்.

அண்மைக் கால அனுபவங்கள் இரண்டு

2021-ஆம் வருஷம் பிப்ரவரி 21-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், புதுச்சேரியில் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மாசி மாதம் மழைக்காலம் அன்று. சம்பா அறுவடை நடக்கும் பருவம். வடகிழக்குப் பருவமழையோடு வெள்ள பயமும் தீர்ந்தது என்ற எண்ணத்துக்கு அம்மழை இடமில்லாமற் செய்தது.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. பின்பு அது விரைந்து அகலாமல் அண்மையிலேயே பல மணி நேரம் நின்றபடியால், டிசம்பர் 1-ந் தேதி காலைவரை ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை புதுச்சேரியில் பெய்தது. ஒரு ஏக்கரில் இவ்வளவு மழை பெய்தால் 18 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட ஜலமாகும். இங்கே மழை ஓய்ந்தபின்னும் அபாயம் தீரவில்லை. டிசம்பர் 2-ந் தேதி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேற்பட்ட ஜலம் வெளியேற்றப்பட்டுத் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் அதனால் பாதிக்கப்பட்டன.

முதல் அனுபவம், மாதத்தைப் பார்த்து மழையை முடிவுசெய்யலாகாது என்பதைக் கற்பிக்கிறது. இரண்டாவது, மேகம் நகரும் வேகத்தைக் கவனிக்க வேண்டும் என்பதையும், தன் ஊர் மழையால் வரும் வெள்ளம் வேறு, மேலூர் மழையால் ஆற்றில் வரும் வெள்ளம் வேறு என்பதையும் கற்பிக்கிறது. முன்னது ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். பின்னது வருவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ அவகாசம் தரும். சங்கராபரணிக் கரையிலுள்ளவர்கள் வீடூர் அணையின் செய்தியையும், தென்பெண்ணைக் கரையிலுள்ளவர்கள் சாத்தனூர் அணையின் செய்தியையும் கேட்டறிவது அவசியம்.

ஊருக்கென ஓர் அளவு

2020-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், இந்திய வானிலை ஆய்வுத் துறையார் இந்தியா, வங்காளதேசம், பூட்டான், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து தேசங்களுக்கும் பயன்படத்தக்க திடீர் வெள்ள வழிகாட்டு முறை ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் அடிப்படை மிகவும் எளியது. ஒரு சிறு ஓடையின் கரை நிரம்புவதற்கு, அத்தருணத்தில் மண்ணிலுள்ள ஈரத்தைக் கருதி, இன்னும் எவ்வளவு மழை வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். வரக்கூடிய மழை அவ்வளவை மிஞ்சுமானால் எச்சரிக்கை செய்கிறார்கள்.

இக்கருத்தை ஒவ்வொரு கிராமமும் செலவின்றிக் கைக்கொள்ளலாம். அதற்கு வேண்டியவை ஒரு பாத்திரமும் ஒரு குறியுமே.

அடி தட்டையாகவும், பக்கங்கள் நேராகவும், வாயும் அடியும் ஒரே அகலமாகவும் உள்ள பாத்திரம் ஒன்றை, மரமும் கூரையும் இல்லாத வெளியில், சமதரையில் அசையாமல் வைக்க வேண்டும். அதில் சேர்ந்த ஜலத்தின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே மழையளவு. வாயின் அகலம் எவ்வளவாயினும் கணக்கு மாறாது. ஒவ்வொரு மழையும் தொடங்கிய நேரம், ஓய்ந்த நேரம், அளவு ஆகிய மூன்றையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். ஊரின் முக்கியமான வடிகால் சாலையைக் கடக்கும் மதகுச் சுவரில் அரையடிக்கு ஒரு கோடு வர்ணத்தால் இட்டு, அம்மழையில் ஜலம் எந்தக் கோடுவரை ஏறியது, மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் ஏறியது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். தரை காய்ந்திருந்ததா, முன்னாள் மழையால் நனைந்திருந்ததா என்பதையும் சேர்த்துக் குறித்தல் நலம்.

ஐந்தாறு மழைக்குப்பின், ஒரு மணி நேரத்தில் இத்தனை மில்லிமீட்டர் பெய்தால் இந்த வாய்க்கால் நிரம்பும் என்னும் அளவு ஏறக்குறைய தெரிந்துவிடும். அவ்வளவு ஒரு கிராமத்தில் 30 ஆகவும், அடுத்த கிராமத்தில் 50 ஆகவும் இருக்கலாம். அது தெரிந்தபின், மஞ்சள், ஆரஞ்சு என்னும் அறிவிப்புகள் வெறும் நிறங்களாக இராமல், இன்ன மதகில் இன்ன நேரத்தில் ஜலம் ஏறும் என்னும் செய்தியாக மாறும். வாய்க்காலைத் தூர்வாரியபின் அவ்வளவு உயர்வதைக் கண்டால், செய்த வேலையின் பயனும் கண்கூடாக விளங்கும்.

ஒரு நாளின் வேலைத்திட்டம்

களத்தில் 40 மூட்டை நவரை நெல் காய்ந்துகொண்டிருக்கிறது. சொர்ணவாரிப் பயிருக்கு மேலுரம் இட வேண்டும். பத்துக் கூலியாட்கள் வருகிறார்கள். மறுநாளைக்கு வெப்பமும் இடிமழையும் சேர்த்து அறிவிக்கப்பட்டுள்ளன. இத்தகைய நிலையில் மிராசுதார் ஒருவர் செய்யத்தக்கவை வருமாறு:

முந்தின நாள் மாலை: அறிவிப்பைக் கேட்டு, மறுநாள் வேலைகளை நண்பகலுக்குமுன் முடியுமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். தார்ப்பாய், கயிறு, மண்வெட்டி ஆகியவற்றைக் களத்தருகே வைத்திருக்க வேண்டும். யூரியா இடுவதையும் மருந்து தெளிப்பதையும் ஒத்திப்போட வேண்டும். இட்ட சில மணி நேரத்தில் பெருமழை பெய்தால் பணம் வாய்க்காலோடு போகும்.

காலை 6 மணிமுதல் 11 மணிவரை: வெளிவேலைகள் யாவும் இந்நேரத்துக்குள் முடிய வேண்டும். கூலியாட்களுக்குக் குடிநீரும் நிழலும் ஏற்பாடு செய்வது தர்மம் மாத்திரமல்ல, உயிர் காப்பதுமாகும். தலைச்சுற்றலும் குழப்பமான பேச்சும் கண்டால், உடனே நிழலில் கிடத்தி, உடலை ஈரத்துணியால் நனைத்து விசிறி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பூக்கும் தருணத்திலுள்ள நெல்லுக்கு 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் பதரை உண்டாக்குமாதலால், வயலில் சிறிது ஜலம் நிற்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. அதே சமயத்தில் வரப்பின் கடைமடையைத் திறந்து, மிகுதியான ஜலம் வெளியேறும் வழியை அடைப்பின்றி வைக்க வேண்டும்.

நண்பகல்: காய்ந்த நெல்லைக் குவித்து, மேடான இடத்தில் மூட்டையாக அடுக்கி மூட வேண்டும். குவியலைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் சிறு பள்ளம் வெட்டி, அதற்குப் போக்கும் விட வேண்டும்; தார்ப்பாய் மேலிருந்து வரும் மழையைத் தடுக்குமேயன்றித் தரையில் ஓடிவரும் ஜலத்தைத் தடுக்காது. பிடுங்கிய மணிலாவைக் கொடியோடு வயலில் விட்டுவைத்தால், நனைந்த காய்களில் பூஞ்சக்காளான் பிடித்து விஷம் உண்டாகும். அதை முன்னதாகவே மேட்டுக்குக் கொண்டுவருதல் அவசியம். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதும், உயர்ந்த கரும்பைச் சேர்த்துக் கட்டுவதும் காற்றினால் வரும் நஷ்டத்தைக் குறைக்கும்.

பிற்பகல்: வானிலை ஆய்வு மையத்தார் அடுத்த 3 மணி நேரத்துக்கென வெளியிடும் உடனடி அறிவிப்பைக் கைபேசியில் கவனித்துவர வேண்டும். பயிர்க்காரர்களுக்கென 'மேக்தூத்' என்பதும், மின்னலுக்கென 'தாமினி' என்பதும் கைபேசிச் செயலிகளாக உள்ளன. விழுப்புரத்தருகே கண்ட மேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மூலக்குளத்தை அடையும். வெப்பத்தின் நடுவே குளிர்ந்த காற்று புழுதியோடு அறைந்தால், மழை சில நிமிஷங்களில் வந்துவிடும் என்று அறிக. அப்போது வேலை தொடங்கினால் காலம் கடந்ததாகும்.

மின்னல்

இந்தியாவில் பிரதி வருஷமும் 2,000-க்கு மேற்பட்டவர்கள் மின்னலால் மாண்டுபோகிறார்கள். வெளியில் உழைக்கும் கிராமத்தார்க்கே இவ்வபாயம் அதிகம். மின்னலைக் கண்டதுமுதல் இடியைக் கேட்கும்வரை எண்ண வேண்டும். 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் தூரம் தெரியும். 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வேலையை நிறுத்திக் கட்டிடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடி கேட்டபின் 30 நிமிஷம் கழித்தே வெளிவரலாம். தனித்த பனை, வேம்பு முதலிய மரங்களின் அடியிலும், கம்பி வேலி, மோட்டார் பம்பு, மின்கம்பம் ஆகியவற்றின் அருகிலும், ஜலம் நிற்கும் வயலிலும் இருத்தலாகாது. கட்டிடம் கிட்டாதவிடத்துத் தாழ்ந்த இடத்தில், இரு பாதங்களையும் ஒன்றுசேர்த்துக் குந்தியிருக்க வேண்டும். தரையில் படுத்தல் கூடாது. பலர் இருந்தால் விலகி இருத்தல் வேண்டும். மாடுகளை மரத்தடியில் கட்டிவைப்பதே அவை மொத்தமாக மாள்வதற்குக் காரணமாகிறது. மின்னல் தாக்கிய மனிதரைத் தொடுவதனால் மற்றவர்க்கு அபாயமில்லை. மூச்சு நின்றிருந்தால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சியை உடனே தொடங்க வேண்டும்.

கிராமாதிகாரிகளின் கவனத்துக்கு

1. பங்குனி முடிவதற்குள் ஊரின் வடிகால்களையும், ஏரி மதகுகளையும், கலிங்கையும், சாலையைக் கடக்கும் குழாய்களையும் நேரில் பார்வையிட்டு, அடைப்புகளை நீக்க ஏற்பாடு செய்ய வேண்டும். வெயிற்காலத்தில் வாய்க்கால் காய்ந்திருப்பதே அவ்வேலைக்கு வசதியாகும்.

2. மழைக் குறிப்புப் புத்தகத்தையும் மதகுக் குறியையும் ஒருவர் பொறுப்பில் விட்டு, மாதம் ஒருமுறை பார்வையிட வேண்டும்.

3. தரைப்பாலங்களில் ஜலம் ஓடத் தொடங்கியதும் இருபுறமும் தடுப்பு வைத்து ஆள் நிறுத்த வேண்டும். அரையடி உயரம் விரைந்தோடும் ஜலம் மனிதரை வீழ்த்தும். ஓரடி ஜலம் சிறு மோட்டார் வண்டியை மிதக்கச் செய்யும்.

4. வாய்க்கால் புறம்போக்கில் மண் கொட்டுவதையும் வரப்புக் கட்டுவதையும் ஆரம்பத்திலேயே தடுக்க வேண்டும். ஒருவர் இரண்டு முழம் நிலத்தைச் சேர்த்துக்கொள்வதனால், மேலுள்ள பத்துப் பேர் கழனியில் ஜலம் நிற்கிறது.

5. காப்பீடு செய்த பயிர் அறுவடைக்குப்பின் வயலில் உலரும்போது மழையால் கெடுமானால், அறுவடையிலிருந்து 14 நாட்கள்வரை ஏற்படும் நஷ்டத்துக்கு விதியில் இடம் உண்டு. நஷ்டம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இத்தவணை பலருக்குத் தெரியாமையால் உரிய தொகை கிடைக்காமற் போகிறது. கிராமாதிகாரிகள் இதை முன்கூட்டியே பரப்புவது பேருதவியாகும்.

மேலே கூறியவற்றில் ஐயம் உள்ளவர்கள், தங்கள் பகுதி உழவர் உதவியகத்திலோ, குரும்பாப்பட்டிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்துத் தெளிவு பெறலாம்.

வானிலை அறிவிப்பு மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் உரியது. வாய்க்காலின் ஆழமும், மதகின் அகலமும், மண்ணின் குணமும் ஊராருக்கே தெரிந்தவை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்க்கு, கோடை நாளின் கடும் வெயில், மாலையில் வரக்கூடியதை நண்பகலுக்குள் அறிவிக்கும் தூதாக அமையும். வரும் சித்திரைக்குமுன் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு மழைப் பாத்திரம் வைக்கப்பட்டு, ஒரு மதகுச் சுவரில் குறி இடப்படுமானால், அந்த ஊரின் நெல்லும் கால்நடையும் ஆட்களும் முதல் இடிமழையில் அகப்பட்டு நஷ்டப்படாமல் தப்பலாம்.